உலக்கை விழுந்த கிரகணம்

நமக்கெல்லாம் ஒன்பது கோள்கள். இப்போது எட்டுதான் என்கிறார்கள். கடைசியில் நின்ற புளூட்டோவைப் பெரியவர்கள் கூடிப் பேசித் தள்ளிவைத்துவிட்டார்களாம், ஏதோ ஊர்க்கட்டுப்பாட்டை மீறின குடும்பம் போல. என் வயதுக்காரர்களே, இனிமேல் புதிதாக எதையும் மனப்பாடம் செய்கிற தெம்பு நமக்கு இல்லை. மேலே எட்டு சுற்றினால் என்ன, ஒன்பது சுற்றினால் என்ன, முட்டிவலி குறையப் போகிறதா?

சில வருஷங்களுக்கு முன் ஒரு மார்கழிக் காலையில் கோயமுத்தூருக்கு நேர் மேலேயே வளையக் கிரகணம் வந்ததே, நினைவிருக்கும். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் திருவிழாக் கூட்டம். ஆளுக்கொரு அட்டைக் கண்ணாடி. "வாங்க ஆன்ட்டி, மேல வந்து பாருங்க" என்று எதிர்வீட்டுப் பெண் கூப்பிட்டாள். நான் போகவில்லை. பயமா என்று கேட்டாள். பயமில்லை, அலுப்பு என்றேன். கிரகணத்தில் அலுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. உங்களுக்கு விளங்கும் என்று நினைத்து எழுதுகிறேன்.

எனக்கு ஒரு கிரகணம் போதும். எண்பது பிறந்த கையோடு, மாசி அமாவாசையன்று மதியம் வந்த கிரகணம் அது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. கணபதிப் பக்கம் ஒரு பவுண்டரியை ஒட்டி வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் குடியிருந்தோம். மோட்டார் பம்புகளுக்கு இரும்பு வார்க்கும் பவுண்டரி. வார்ப்பு மணலில் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு கலப்பார்கள். கொதிக்கும் இரும்பு அதன்மேல் விழும்போது வெல்லம் கருகுகிற வாசம் தெரு முழுக்க வரும். எங்கள் பள்ளிக்கூடச் சீருடையிலும் அந்த வாசம்தான். வேறு பேட்டையிலிருந்து வரும் பிள்ளைகள் மூக்கைச் சுளிப்பார்கள். எங்களுக்கு மூக்கு பழகிவிட்டது.

அந்தக் கிரகணத்துக்கு முந்தைய வாரம் எங்கள் டீச்சர் மைதானத்தில் சூரியக் குடும்பம் நடத்தினார். வகுப்பிலேயே குண்டான பெண் சூரியன். கயிற்றைப் போட்டு வட்டம் வட்டமாகச் சுண்ணாம்பில் கோடு இழுத்து, கோளுக்கு ஒருத்தியாக நிறுத்தினார். சனிக்கு ஒரு சைக்கிள் டயரை மாட்டிவிட்டார். உயரம் குறைந்தவர்களெல்லாம் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே கும்பலாக ஓட வேண்டும், நாங்கள் சிறுகோள்களாம். எனக்கு அழுகை வந்தது. பூமியாக நிற்க ஆசைப்பட்டவளைக் கல்லாக ஓடச் சொன்னால் வராதா? புளூட்டோவை வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தார். மணி அடித்து எல்லாரும் வகுப்புக்குப் போன பிறகும் அந்தப் பெண் வெயிலில் நின்றுகொண்டே இருந்தாள். யாரும் கூப்பிடவில்லை.

அன்றைக்கு டீச்சர் கிரகணத்தையும் விளக்கினார். நிலா நடுவில் வந்து மறைக்கிறது, அவ்வளவுதான், ஆனால் சூரியனை நேராகப் பார்க்கக்கூடாது, கண் வெந்துவிடும் என்றார். வீட்டுக்கு வந்து மாமாவிடம் ஒப்பித்தேன்.

மாமா என்பது அம்மாவின் தம்பி. பக்கத்து வீட்டிலேயே இருந்தார். முந்தைய ஆவணியில்தான் கல்யாணம் ஆகி அத்தை வந்திருந்தாள், கோபிசெட்டிபாளையத்துப் பக்கத்துப் பெண். அவர்களோடு பெரியம்மாவும் இருந்தார். அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவர். இளம் வயதிலேயே தாலி இழந்து, தம்பியைத் தன் பிள்ளை போல வளர்த்தவர். அந்த இரண்டு வீட்டிலும் அவர் வைத்ததுதான் சட்டம்.

பவுண்டரியில் மாமாதான் உலைக்காரர். இரும்பு பதமாக உருகியதா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. கருவி கிருவி எதுவும் கிடையாது. சட்டைப்பையில் துணி சுற்றிய ஒரு நீலக் கண்ணாடித் துண்டு இருக்கும். அதைக் கண்ணில் வைத்து உலையின் பக்கவாட்டுத் துவாரத்தில் பார்ப்பார். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே "ஊத்துங்கடா" என்பார். அவர் சொன்னால் முதலாளியே மறுபேச்சு பேச மாட்டார். அந்தக் கண்தான் அவருக்குச் சோறு போட்டது. அதில் அவருக்குக் கர்வமும் இருந்தது, இல்லாமல் இருக்குமா?

நான் ஒப்பித்ததைக் கேட்டுச் சிரித்தார். "கண்ணு வெந்து போயிருமாமா? தெனமும் உலை வாயில பாக்கறவன்டா நானு. சூரியன் என்னம்மணி, அதும் ஒரு உலைதான."

கிரகணத்தன்று ஊரே அடங்கிவிட்டது. ரேடியோவில் வெளியே வராதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பஸ்கள் காலியாக ஓடின. பவுண்டரிக்கும் விடுமுறை. பெரியம்மா காலையிலேயே சமையலை முடித்து, மிச்சத்தைக் கொட்டி, தண்ணீர்க் குடங்களில் அருகம்புல் போட்டார். பிறகு பித்தளைத் தட்டத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவில் உலக்கையைச் செங்குத்தாக நிறுத்தச் சொன்னார். நம் பக்கத்தில் அது வழக்கம்தானே. கிரகணம் பிடித்திருக்கிற நேரத்தில் உலக்கை தானாக நிற்கும், கிரகணம் விட்டதும் சாயும் என்பார்கள். அத்தை நிதானமாகப் பிடித்துப் பிடித்து நிறுத்தினாள். நின்றது. பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பாம்பு வுடற வரைக்கும் இது நிக்கோணும். நெனப்பு வெச்சுக்கோ" என்று அத்தையிடம் சொன்னார்.

கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி நாங்கள் பெண்கள் மட்டும் உள்ளே. மாமா, தூங்கிவிட்டு வருகிறேன் என்று பவுண்டரி பக்கம் போயிருந்தார். எங்கள் கூரை ஆஸ்பெஸ்டாஸ். ஆணி கழன்ற ஓட்டைகள் வழியாகத் தினமும் தரையில் காசு காசாக வெயில் விழும். அன்று மூன்று மணி தாண்டியபோது அத்தைதான் முதலில் பார்த்தாள். காசுகள் எல்லாம் பிறையாகிவிட்டிருந்தன. தரை முழுக்க, பானைமேல், அவள் சேலைமேல் எல்லாம் சின்னச் சின்னப் பிறைகள். அத்தை கையை நீட்டி ஒன்றை உள்ளங்கையில் வாங்கினாள்.

"இங்க பாரு கண்ணு, சூரியன் என்ற கையில இருக்குது."

நானும் நீட்டினேன். இரண்டு பேரும் சத்தமில்லாமல் சிரித்தோம். என் வாழ்க்கையில் சந்தோஷமான பொழுது எது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

பின்கட்டிலிருந்து வந்த பெரியம்மா தரையைப் பார்த்து மிரண்டுபோனார். பாம்பின் நிழல் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அவருக்குப் பட்டது. ஜன்னல் இடுக்கு வழியாகத்தான் வருகிறது என்று நினைத்து ஓடிப்போய், சரியாகச் சாத்தாமல் இருந்த மரக்கதவைப் பலமாக அடித்துச் சாத்தினார். சுவரே அதிர்ந்தது. உலக்கை சாய்ந்து, தட்டத்தைக் கவிழ்த்துக்கொண்டு விழுந்தது. பூண் பட்டு சிமெண்டுத் தரை பெயர்ந்தது. மஞ்சள் தண்ணீர் அத்தையின் கால்வரை ஓடியது. பிறைகள் அப்படியேதான் இருந்தன; அவை கூரையிலிருந்து அல்லவா வந்தன.

"அட கெரகமே! பாம்பு இன்னும் வுடலையே, அதுக்குள்ள ஒலக்கைய உழுத்தாட்டியே!" என்று பெரியம்மா அத்தையைப் பார்த்துக் கத்தினார்.

"நீங்க ஜன்னலச் சாத்துனீங்க பெரிம்மா, அதுலதான் உழுந்துச்சு" என்றேன். "பெரியவிங்க பேசறப்ப வாய மூடு" என்று அம்மா என்னை இழுத்துக்கொண்டாள். அம்மாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் காலையில் மாமா, பார்வைக்கு நடுவில் கறுப்பாக ஒன்று நிற்கிறது என்றார். கண்ணைக் கசக்கினால் போகவில்லை. யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் கோழி மாதிரி தலையைச் சாய்த்து ஓரத்தால் பார்த்தார். தெருவில் எதிரே வந்தவர்களுக்கு வணக்கம் சொல்லாமல் போனார். புதுப் பெண்டாட்டி வந்ததும் தலைக்கனம் வந்துவிட்டது என்று நாலு பேர் பேசினார்கள். அந்த வாரம் உலையைத் திறந்தபோது நெருப்பின் நிறம் அவருக்குப் பிடிபடவில்லை. பதம் வராத இரும்பை ஊற்றச் சொல்லி, ஒரு நாள் வார்ப்பு முழுக்க வீணாகிவிட்டது.

அம்மா அவரைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். எனக்கும் கண்கட்டி வந்திருந்ததால் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஏதோ மருந்து விட்டு விளக்கடித்துப் பார்த்தார்.

"கிரகணத்தப்போ சூரியனைப் பாத்தீங்களா?"

"இல்லீங்" என்றார் மாமா.

"பார்வை விழற இடத்துல சுட்டிருக்குங்க. பொய் சொல்லி என்ன ஆகப் போகுது? இதுக்கு மருந்து கிடையாது. பெரும்பாலும் சில மாசத்துல தானாத் தெளிஞ்சிரும். பொறுமையா இருங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா உடைந்துவிட்டார். பவுண்டரி மேடையில் ஏறி, உலைக்குப் பார்க்கிற அதே நீலக் கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்திருக்கிறார். ஒரு கண் கூசினால் இன்னொரு கண்ணை மாற்றியிருக்கிறார். உலையைப் பார்க்கத் தாங்கும் கண்ணாடி சூரியனுக்குத் தாங்காது என்பது அத்தனை வருஷம் உலையோடு இருந்தவருக்குத் தெரியவில்லை.

"அக்கா, மொதலாளிக்குத் தெரிஞ்சா தொலைஞ்சனுங்க்கா. உலைக்காரன் கண்ணைத் தானே சுட்டுக்கிட்டான்னா அப்பறம் யாரு என்னைய உலைக்கிட்ட வுடுவாங்க? யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க. அவகிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்கறேன்."

அவள் என்றது அத்தையை. ஆக, அவளுக்கு முதல் நாளே தெரியும்.

இதற்குள் பெரியம்மா ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஜாதகங்களை விரித்து, வந்தவளின் கட்டத்தில் சூரியனோடு ராகு சேர்ந்திருக்கிறது, அந்த நேரத்தில் உலக்கையும் சாய்ந்திருக்கிறது, அதனால்தான் வீட்டு ஆம்பிளையின் கண்ணில் இறங்கிவிட்டது என்று சொல்லிவிட்டாராம். கல்யாணத்துக்கு முன் பத்துப் பொருத்தமும் பார்த்துச் சரி என்று சொன்னவரும் அதே ஜோசியர்தான். அப்போது அந்த ராகு எங்கே போயிருந்தது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், கிரகம் என்று சொன்னது மாமாவுக்கு வசதியாகப் போயிற்று. முதலாளி சாமி நம்பிக்கை உள்ளவர். வீட்டுக்கே வந்து, "கெரகம் புடிச்சதுக்கு மனுசன் என்ன பண்ணுவான்? பரிகாரத்த முடிச்சுப்போட்டு வா. உலை எங்க போயிருது? அது வரைக்கும் வேற ஆளை வெச்சு ஓட்டிக்கறேன்" என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டு "செரிங்க" என்றார். கதவோரம் நின்ற அத்தையும் கேட்டாள். இனி அவள் வாயைத் திறந்தால் அவருடைய வேலை போகும். திறக்காவிட்டால் பழி அவளுக்கு. அவள் திறக்கவில்லை. இருபது வயது கூட ஆகாத பெண்.

அந்தப் பங்குனி முழுவதும் அந்த வீட்டில் அத்தை நடக்கிற சத்தமே கேட்காது. அவள் வைத்த குழம்பைப் பெரியம்மா தொட மாட்டார். வந்துபோகிற சொந்தக்கார ஒறம்பரைகளெல்லாம், "எப்படி இருந்த கண்ணு அவனுக்கு" என்று அவள் முன்னாலேயே பெருமூச்சு விடுவார்கள். நான் போய் அவளோடு ஒட்டிக்கொள்வேன். மாமாவுக்குச் சோறு வைத்துவிட்டு, தொட்டுக்கொள்வது எந்தப் பக்கம் இருக்கிறதென்று மற்றவர்களுக்குத் தெரியாமல் தட்டின் விளிம்பை விரலால் தட்டிக் காட்டுவாள். மாமா அந்தச் சத்தத்தை வைத்துக் கை நீட்டுவார். அவர்களுக்குள் அவ்வளவு இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அம்மா ஒருமுறை வாயெடுத்தாள். "டாக்டர் தானாத் தெளியும்னாருங்க்கா. அவள ஏன்..." என்று பெரியம்மாவிடம் தொடங்கினாள். "டாக்டருக்குக் கண்ணு தெரியும். கெரகம் தெரியுமா?" என்றார் பெரியம்மா. அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா தலையைச் சாய்த்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். அத்தோடு பேச்சு முடிந்தது. அம்மா கெட்டவள் இல்லை. தம்பிக்கு வேலை போய்விடக் கூடாது என்று நினைத்தாள். பெரியம்மாவும் கெட்டவர் இல்லை, வளர்த்த பிள்ளையின் கண் போய்விடுமோ என்ற பயம். யாருமே கெட்டவர்கள் இல்லாமல் ஒரு பெண்ணை முடித்துக்கட்ட முடியும் என்பதை அந்த வயதிலேயே பார்த்துவிட்டேன்.

சித்திரையில் கொடுமுடிக்குப் போனோம். அத்தையின் அப்பா கோபியிலிருந்து வந்து சேர்ந்துகொண்டார். காவிரியில் முழுக்குப் போட்டு, ஈரச் சேலையோடு அத்தை குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வன்னி மரத்தடியில் நாகக் கல்லுக்கு ஊற்றினாள். படிக்கட்டெல்லாம் வழுக்கல். ஒவ்வொரு தடவை ஏறும்போதும் மூச்சு வாங்கினாள். மாமா தூணோரம் உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்ததும் பெரியம்மா அத்தையின் அப்பாவிடம் போனார்.

"தப்பா நெனைக்காதீங்க. அவனுக்குக் கண்ணு தெளியற வரைக்கும் பொண்ணு உங்கூட்டுலயே இருக்கட்டுங்க. ஜோசியர் அப்பிடித்தான் சொல்றாரு."

பெரியவர் மாப்பிள்ளை இருந்த பக்கம் பார்த்தார். மாப்பிள்ளை ஏதாவது சொல்வார் என்று கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "உங்க இஷ்டமுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஈரோடு வரை எல்லாரும் ஒரே பஸ். அங்கிருந்து அவர்கள் கோபிக்கும் நாங்கள் கோயமுத்தூருக்கும் வண்டி மாற வேண்டும். பஸ் ஸ்டாண்டு முழுக்க மஞ்சள் மூட்டை வாசம். ஆண்கள் டீ குடிக்கப் போனார்கள். பெரியம்மாவும் அம்மாவும் பைகளோடு உட்கார்ந்துவிட்டார்கள். நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்கள் நிற்கிற பக்கம் நின்றிருந்தேன். அவள் கை இன்னும் ஈரம் காயாமல் சில்லென்று இருந்தது.

மாமா டீக்கடையிலிருந்து தனியாக வந்தார். பஸ்களின் பெயர்ப் பலகைகளை அண்ணாந்து பார்த்தார், தலையை அப்படியும் இப்படியும் சாய்த்தார். ஒன்றும் படிக்க முடியவில்லை. பிறகு எங்களிடம் வந்து, அத்தையின் முகத்துக்கு நேராக நின்று கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, கோயமுத்தூர் வண்டி எதுங்க?"

வேற்று ஆளிடம் பேசுகிற மரியாதை. அத்தையின் பிடி என் விரல்களில் இறுகியது. அவள் அவரையே பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"அக்கட்டால ரெண்டாவதா நிக்குதுங்க. பாத்து ஏறுங்க, படி ஒசரமா இருக்குது."

"செரிங்க" என்று சொல்லிவிட்டு மாமா அந்தப் பக்கம் நடந்தார். கோபி பஸ் கிளம்பியபோது அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் சொன்னதுபோலவே ஆடி முடியும்போது மாமாவின் கண் தெளிந்துவிட்டது. மறுபடியும் உலைக்குப் போனார். பழையபடி "ஊத்துங்கடா" என்றார். பெரியம்மா ஊரெல்லாம் சொன்னார், கொடுமுடி போய் வந்த பலன் என்று. அப்படியானால் கண் தெளிந்துவிட்டதே, அத்தையைக் கூட்டிவரலாமே என்று நான் கேட்டேன். "அவ போனதாலதாங் கண்ணு தெளிஞ்சுது. திரும்பக் கூட்டியாந்து மறுக்காவும் கெடுத்துக்கறதா?" என்றார். அதற்குப் பதில் சொல்ல உங்களால் முடிகிறதா பாருங்கள். மாமா நினைத்திருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். கொஞ்ச காலம் கழித்துப் பங்காளிகள் கூடி அந்தக் கல்யாணத்தை அத்து விட்டார்கள். அவருக்கு வேறு கல்யாணமும் ஆனது. அந்த அத்தையும் நல்லவள்தான்.

இப்போது பெரியம்மா இல்லை, அம்மா இல்லை, மாமாவும் போய்விட்டார். பவுண்டரி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். செவ்வாய்க்கு ராக்கெட் விட்டாயிற்று. செவ்வாய் தோஷம் பார்ப்பதற்கும் செல்போனிலேயே வசதி வந்தாயிற்று. என் தம்பி மகளின் ஜாதகத்தை அவன் போனில் அனுப்பியபோது, நான் பார்க்காமலே அழித்துவிட்டேன். சண்டை போடத் தெம்பு இல்லை.

போன தை மாதம் கோபியில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு கை என் தோளைத் தொட்டது.

"கொரலக் கேட்டேன். நீயாத்தான் இருக்கும்னு நெனச்சேன் கண்ணு."

அத்தைதான். தலை முழுக்க நரைத்திருந்தது. அண்ணன் தோட்டத்திலேயே பட்டுப்பூச்சி வளர்க்கிறாளாம், மல்பெரி இலை பறித்துப் பறித்துக் கை காய்த்துப் போயிருந்தது. மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாமா இறந்தது அவளுக்குத் தெரிந்திருந்தது. சாப்பிட்டு முடித்து இரண்டு பேரும் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் மழையைப் பற்றி, பட்டுக்கூட்டு விலையைப் பற்றிப் பேசினாள். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன்னையக் கண்டா ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன். அன்னிக்கு ஈரோட்டுல அவரு என்னைய ஆருன்னு தெரியாமத்தான கேட்டாரு?"

"தெரியாமத்தானுங்க அத்தை. அப்ப அவருக்கு ஆரு மூஞ்சியும் தெரியாதுங்களே."

"ஆமா, மூஞ்சி தெரியாது. அதையேதான் இத்தன வருசமாச் சொல்லிச் சொல்லி மனசத் தேத்திக்கிட்டேன்" என்றாள். பிறகு கேட்டாள்.

"ஆனா நான் பதில் சொன்னனல்லோ கண்ணு. என்ற கொரலுமா தெரியாமப் போச்சு?"